அப்பாவின் 555 புக்கில் செந்தூல்

2025 மார்ச்சில், கோலாலம்பூர் செந்தூலில் இருக்கும் எங்கள் மளிகைக்கடையை மூன்று லாட் தள்ளி மாற்றினோம். சாமான் ஏற்றும்போது, பின்கட்டில் அரிசி மூட்டை அடுக்கும் பலகைக்குக் கீழே நான்கு சதுர பிஸ்கட் டின் கிடைத்தது. திறந்தால் உள்ளே முழுக்க 555 புக்கு. உள்ளங்கை அளவு, அட்டையில் பெரிசாக 555. மலேசியாவில் கடனுக்குச் சாமான் வாங்கி வளர்ந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். மலாய்க்காரர்கள் பூக்கு தீகா லீமா என்பார்கள். சீனர் கடையிலும் அதுதான் கணக்கு, எங்கள் கடையிலும் அதுதான்.

1979இல் கடை திறந்ததிலிருந்து 2009இல் பக்கவாதம் வந்து படுக்கும் வரை அப்பா எழுதியவை. கரையான் தின்றது போக நூற்றி எழுபது சொச்சம் மிச்சம். ஒன்றை எடுத்துப் புரட்டலாம் என்று அரிசி மூட்டை மேல் உட்கார்ந்தேன். புதுக் கடை திறக்க இரண்டு நாள் தாமதமாகிவிட்டது. என் வீட்டுக்காரர் திட்டினார். திட்டட்டும். இந்த டின்களை 2018இல் திறந்திருந்தால் ஆறாயிரத்துச் சொச்சம் வெள்ளி (ரிங்கிட்) கையில் நின்றிருக்கும். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் பக்கத் தலைப்புகள். அப்பா யாருடைய பேரையும் எழுதியதில்லை. 80களின் புக்குகளில் தலைப்பெல்லாம் வேலை: பிட்டர், பாய்லர், கேட்டு, கிராணி (குமாஸ்தா) வீடு, டிரைவர் ஐயா, யாழ்ப்பாணத்து மாஸ்டர். செந்தூல் என்றால் அப்போது ரயில்வே ஒர்க்‌ஷாப். என் தாத்தா அதில் பிட்டர். சங்கு ஊதினால் ஊரே எழும், சங்கு ஊதினால் ஊரே சோறு தின்னும். வெள்ளைக்காரன் காலத்திலிருந்து தமிழ்நாட்டுக்காரர், யாழ்ப்பாணத்துக்காரர், சீக்கியர், மலாய்க்காரர் என்று எல்லாரும் ஒரே தண்டவாளத்தில் சம்பளம் வாங்கினார்கள். அதனால் பக்கங்களும் ஒரே மாதிரி இருக்கும். மாதம் முழுக்க நீல மையில் சாமான், சம்பளம் போட்ட மறுநாள் குறுக்கே சிவப்புக் கோடு.

1986 ஆகஸ்ட், கேட்டு வீட்டுப் பக்கத்தைப் பாருங்கள். அரிசி ஒரு சாக்கு. சீனி 3 கிலோ. மைலோ சின்ன டின். நல்லெண்ணெய் கால் போத்தல். கருவாடு. அதன் கீழே, "கேஷ் 20, பிள்ளைக்குப் புஸ்தகம்". எங்கள் கடை மளிகைக்கடை மட்டும் இல்லை, பேங்கும் அதுதான். 27ஆம் தேதி மொத்தத்துக்கும் ஒரே கோடு. அடுத்த மாதம் மறுபடியும் ஒரு சாக்கு அரிசி. இப்படி ஏழு வருஷம் அந்தப் பக்கத்தில் எதுவும் மாறவில்லை, பால்மாவு நின்றதைத் தவிர. பிள்ளை வளர்ந்துவிட்டது.

1992இல் ரயில்வே, கே.டி.எம்.பி. என்ற கம்பெனியானது. கொஞ்சம் கொஞ்சமாக வேலைகள் குறைந்து, பின்னால் ஒர்க்‌ஷாப் பேராக்கில் பத்து காஜாவுக்கே போய்விட்டது. குவாட்டர்ஸ் காலியானது. தாத்தா டிபன் கேரியரோடு நுழைந்த வளாகத்தின் பழைய கட்டடம் ஒன்று 2005இல் நாடக அரங்கமானது. இதெல்லாம் பத்திரிகையில் வந்த செய்தி. 555 புக்கில் அது வேறு மாதிரி வந்திருக்கிறது. தலைப்புகள் மாறிவிட்டன. பிட்டரும் கேட்டும் போய், "B-3-11", "A-7-4" என்று பிளாட் நம்பர் வருகிறது. அந்த வீட்டில் யாருக்கு என்ன வேலை என்று அப்பாவுக்கு நிச்சயமில்லை, அதுதான் காரணம். இந்த மாதம் லாரி அட்டெண்டன்ட், அடுத்த மாதம் ஜாகா (காவலாளி), அதற்கடுத்த மாதம் வீட்டில் சும்மா.

சிவப்புக் கோடும் காணோம். அதற்குப் பதில் ஓரத்தில் சின்னச் சின்ன எண்கள்: கட்டியது 10, கட்டியது 15, கட்டியது 5. மொத்தமாகக் கூட்டிப் பார்த்தேன். பதினாறு வருஷம் கணக்கெழுத்து வேலை பார்த்தவள், விரல் சும்மா இருக்காது. B-3-11 வீடு ஒரு மாதத்தில் வாங்கியது, கேட்டு வீடு வாங்கியதைவிடக் குறைவில்லை. கட்டியதும் குறைவில்லை. ஆனால் பணம் வரும் நாள் சிதறிவிட்டது. ஒரு சாக்கு அரிசி என்பது அரைக் கிலோ, ஒரு கிலோ ஆகிவிட்டது. ஒரு வீட்டுக்கு வருமானம் எவ்வளவு என்று மட்டும்தான் எல்லாரும் கேட்கிறார்கள். கடைக்காரருக்கு அதைவிட முக்கியம், அது எந்த நாளில் எத்தனை துண்டாக வருகிறது என்பது. மாசச் சம்பளக்காரர் பெரிய பாக்கெட் வாங்கி மலிவில் முடிப்பார். நாள் கூலிக்காரர் சின்ன பாக்கெட்டாக வாங்கி, அதே எண்ணெய்க்கு மொத்தத்தில் கூடுதல் காசு கொடுப்பார். ஏழைக்கு விலைவாசி ஜாஸ்தி என்பதை நான் பொருளாதாரப் புஸ்தகத்தில் படிக்கவில்லை, B-3-11இல் படித்தேன்.

2000க்குப் பிறகு தலைப்பு மறுபடி மாறுகிறது. பிளாட் நம்பருக்குப் பதில் கைப்பேசி நம்பர், பக்கத்தில் அப்பாவின் கையெழுத்தில் "வங்காளி தம்பி", "நேப்பாள் 4 பேர்". சாமானும் வேறு: மைசூர்ப் பருப்பு, உருளைக்கிழங்கு, கடுகெண்ணெய், டாப்-அப். கடன் அடையும் தேதி ஏழாம் தேதிக்கு நகர்ந்துவிட்டது. வேலைச் சட்டப்படி ஒரு மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் ஏழாம் தேதிக்குள் கொடுக்க வேண்டும். முதலாளிமார்களில் பலருக்குக் கடைசி நாள்தான் முதல் நாள். நான் கடைக்கு வந்த புதிதில், பழக்க தோஷத்தில் மாதக் கடைசியில் சரக்கை நிறைத்துவிட்டு, எட்டாம் தேதி வெங்காயம் இல்லாமல் முழித்திருக்கிறேன். உங்கள் தெருவில் சம்பள நாள் எது என்று முதலில் கண்டுபிடியுங்கள். இருபத்தைந்து, ஏழு இரண்டும் இருந்தால் சரக்கையும் இரண்டாகப் பிரித்து எடுங்கள். சப்ளையரிடம் முப்பது நாள் தவணை கேட்பதைவிட இது கை கொடுக்கும்.

அப்பா படுத்த பிறகு 555 புக்கே இல்லை. நான் கம்ப்யூட்டர் போட்டேன். இப்போது வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் கியூ.ஆரில் கட்டிவிட்டுப் போகிறார்கள். பேர், வேலை, வீடு எதுவும் எனக்குத் தெரியாது.

அந்தப் பாதிப் பேர் எங்கிருந்து வந்தார்கள் என்றால், ரயில்வே நிலத்தில் எழும்பிய கொண்டோ என்ற சொகுசு அடுக்குமாடிகளிலிருந்து. செந்தூல் கிழக்கில் அவற்றுக்கு வைத்த பெயர்கள் எனக்கு இன்றைக்கும் சிரிப்பு: தாமரிண்ட், சாஃப்ரன், ஃபென்னல். புளி, குங்குமப்பூ, சோம்பு! முதல் இரண்டையும் அப்பா முப்பது வருஷமாகப் பொட்டலம் கட்டி விற்றார், மூன்றாவதை மூட்டையாகவே விற்றார். ஒருத்தரும் அவரிடம் சதுர அடிக்கு இவ்வளவு என்று கொடுக்கவில்லை. மேற்கே 35 ஏக்கர் தனியார் பூங்கா. 1998இல் செந்தூல் தீமோர் வரை எல்.ஆர்.டி. நகர ரயில், 2010இல் கொமுட்டர் பத்து கேவ்ஸ் வரை நீண்டது, 2023 மார்ச்சில் எம்.ஆர்.டி.யும் வந்துவிட்டது. ஒரு காலத்தில் பெண் கேட்டு வருகிறவர்கள் செந்தூல் என்றால் கொஞ்சம் யோசிப்பார்கள், கைகலப்பு ஊர் என்று பேர். இப்போது வீட்டு ஏஜெண்ட் விளம்பரத்தில் அதே செந்தூலைப் பெருமையாகப் போடுகிறார்.

இனி அந்த ஆறாயிரம்.

2018 தொடக்கம். ஒரு மொத்த வியாபாரக் கம்பெனியின் சேல்ஸ் தம்பி வந்தார். நல்ல பையன், நல்ல சட்டை. "அக்கா, 2016 கணக்குப்படி கே.எல்.-ல குடும்ப வருமானம் மீடியன் ஒன்பதாயிரத்துக்கு மேல. உங்க கடையச் சுத்தி எத்தன கொண்டோ! நீங்க இன்னும் ஒரு கிலோ பாக்கெட் எண்ணெய அடுக்கி வச்சிருக்கீங்க." அவர் சொன்ன எண் பொய்யில்லை. புள்ளிவிவரத் துறை 2016க்கு வெளியிட்டது 9,073 வெள்ளி. அது 2019இல் 10,549 ஆனது, 2022இல் 10,234க்கு இறங்கியது. மீடியன் என்றால், குடும்பங்களை வருமானப்படி வரிசையில் நிறுத்தினால் நட்ட நடுவில் நிற்கும் குடும்பத்தின் வருமானம்.

கேட்டதும் எனக்குப் பெருமை பொங்கிவிட்டது. நம்ம ஊர் உயர்ந்துவிட்டது, நம்ம கடை மட்டும் அப்பா காலத்திலேயே நிற்கிறதே என்று. முன் அலமாரி இரண்டைக் காலி பண்ணி ஆலிவ் எண்ணெய், முசிலி, பாஸ்தா, ஓட்ஸ் பால், கண்ணாடிப் போத்தலில் ஏதேதோ ஊறுகாய் என்று நிறைத்தேன். பத்து மாதத்தில் காலாவதியாகித் தூக்கிப் போட்டது, பாதி விலைக்குத் தள்ளிவிட்டது எல்லாம் சேர்த்து 6,400 வெள்ளி நட்டம். கடைசியாக மிஞ்சிய முசிலியை மாமியார் மிக்சியில் அரைத்து அடைமாவில் கலந்தார். அடை நன்றாகத்தான் இருந்தது, அதையும் சொல்ல வேண்டும்.

அதன் பிறகுதான் செய்ய வேண்டியதைச் செய்தேன். மெகி மீ பெட்டி அட்டையைக் கிழித்து, கல்லாவுக்குப் பக்கத்தில் மாட்டி, நான்கு கட்டம் போட்டேன்: பழைய முகம், பிளாட், வெளிநாட்டுத் தம்பிகள், கொண்டோ. ஒரு ஆள் வந்தால் ஒரு கோடு, பக்கத்தில் எவ்வளவுக்கு வாங்கினார், எத்தனை மணி. மூன்று வாரம். உதவிக்கு இருந்த பெண் முதல் நாள் என்னைப் பைத்தியம் மாதிரிப் பார்த்தது. மூன்றாம் நாளிலிருந்து அதுவே ஆர்வமாகக் கோடு போட்டது.

வந்தது இதுதான். கொண்டோக்காரர் ஒரு தடவைக்குச் சராசரி ஒன்பது வெள்ளி. பிளாட்காரர் பதினேழு. வெளிநாட்டுத் தம்பிகள் முப்பத்தொன்று.

எனக்கே நம்ப முடியவில்லை. அப்புறம்தான் புத்தியில் உறைத்தது. தம்பிகள் எட்டுப் பேர் ஒரே வீடு, ஒரே அடுப்பு. ஒருத்தர் வந்தால் எட்டு வாய்க்கு வாங்குவார். கொண்டோவில் அடுப்பே எரியாத வீடுகள் உண்டு. பெரிய சாமான் எல்லாம் வார இறுதியில் காடியில் போய் ஹைப்பர்மார்க்கெட்டில் எடுத்துவிடுவார்கள். என்னிடம் வருவது ராத்திரி எட்டு மணிக்குச் சட்டியில் எண்ணெய் காய்ந்த பிறகு, வெங்காயம் இல்லை என்று தெரியும்போது. அல்லது வாழையிலை, கருவேப்பிலை, தோசைமாவு, வெள்ளிக்கிழமை பூ. ஹைப்பர்மார்க்கெட்டில் கிடைக்காதது, அல்லது அதுவரை போக நேரமில்லாதது. அவ்வளவுதான் எனக்கும் அவர்களுக்கும் உறவு. அதைத் தெரிந்துகொண்ட பின் கடையை ஒன்பது மணிக்குச் சாத்துவதை விட்டுப் பத்தேகால் வரை திறந்து வைத்தேன். தோசைமாவை இரண்டு மடங்காக்கினேன். ஆலிவ் எண்ணெய் விற்காத அலமாரியில் இப்போது ஒரு கட்டு மூன்று வெள்ளிக்கு முருங்கைக்கீரை போகிறது.

கொண்டோ என்றால் பணக்காரர் என்பதும் என் மூடநம்பிக்கைதான். ஒரு யூனிட்டை மூன்று அறையாக வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். ஒரு அறையில் காலேஜ் பிள்ளைகள், ஒன்றில் நர்ஸ், ஒன்றில் சென்னையிலிருந்து கம்ப்யூட்டர் வேலைக்கு வந்த பெண். அந்தப் பெண்ணிடம் முதல் நாள் காலையில், "பசியாறிட்டியாம்மா?" என்று கேட்டேன். எதற்கு இந்த அம்மா என் பசியை விசாரிக்கிறார் என்று பாவம் திகைத்துவிட்டது. இங்கே காலைச் சாப்பாட்டுக்கு அதுதான் பேச்சு என்று சொன்னதும் சிரித்தது. அது என்னை "மேடம்" என்று கூப்பிடும், ஊர்ப் பிள்ளைகள் "அக்கா" என்று. மேடம் என்று கூப்பிடுகிறவர்களுக்கு முழு உருட்டு உளுந்தும் பொன்னி அரிசியும் வேண்டும், அக்காக்காரர்களுக்கு அது வேண்டாம். இரண்டு பேருமே தமிழ்தான். சாமான் பட்டியல் வேறு.

சேல்ஸ் தம்பி சொன்ன எண்ணில் தப்பில்லை என்றேன். அதை நான் படித்த விதத்தில்தான் தப்பு. அந்த 9,073 கோலாலம்பூர் முழுக்கச் சேர்ந்தது, என் தெருவுக்கு உரியது இல்லை. இரண்டாவது, அந்தக் கணக்கெடுப்பு குடியுரிமைக் குடும்பங்களை எடுத்துக்கொள்வது. என் கல்லாவை நிறைத்த எட்டு வாய் அடுப்பு அந்தக் கணக்கிலேயே கிடையாது. மூன்றாவதுதான் எனக்கு உறுத்துவது. இந்தப் பகுதியின் வருமானம் உயர்ந்தது உண்மை. ஆனால் B-3-11 வீட்டின் வருமானம் அதில் உயரவில்லை. B-3-11 நகருக்கு வெளியே ராவாங்குக்குப் போய்விட்டது. அதன் இடத்துக்கு வேறு ஆள் வந்ததால் சராசரி ஏறியது. இருந்தவர்கள் வளர்வதும், இருந்தவர்கள் போய் வளர்ந்தவர்கள் வருவதும் புள்ளிவிவரத்தில் ஒரே எண்ணாகத்தான் தெரியும். கடன் புக்கில் அப்படித் தெரியாது. போன வீட்டின் பக்கம் பாதியில் நிற்கும்.

பாதியில் நிற்கும் பக்கங்கள் என்றதும் கடன் பற்றி ஒரு வார்த்தை. நான் முதலில் கடனையே நிறுத்திவிட்டேன், படித்த திமிர். ஆறு மாதத்தில் பழைய முகங்கள் பாதியாகிவிட்டார்கள். அப்பாவிடம் போய் நின்றேன். அப்போது அவருக்குப் பேச்சு சரியாக வராது. வலது கை விரலை மடக்கி மடக்கிக் காட்டினார்: அரிசி, எண்ணெய், பால்மாவு, சீனி. நான்கு. அதற்கு மட்டும் கடன். சிகரெட்டுக்கும் தண்ணிக்கும் ரொக்கம். அதன் மேல் நான் ஒன்று சேர்த்துக்கொண்டேன். எவ்வளவு தொகை என்று பார்ப்பதில்லை, கடைசியாகக் காசு கட்டி எத்தனை நாள் என்று பார்ப்பேன். 200 வெள்ளி பாக்கி வைத்து வாரம் பத்து பத்தாகக் கட்டுகிறவர் நல்ல வாடிக்கையாளர். 30 வெள்ளி பாக்கி வைத்து நாற்பது நாள் தெருவின் எதிர்ப்பக்கமாக நடக்கிறவரிடம் நானே போய்ப் பேசுவேன். சத்தம் போடுவதற்காக இல்லை. அநேகமாக அந்த வீட்டில் ஏதோ நடந்திருக்கும்.

2021இல் அப்படித்தான் தெரிந்தது. அந்த வருஷ நடுவில், முடியாதவர்கள் வீட்டு வாசலில் வெள்ளைக் கொடி கட்டுங்கள் என்று ஊரெல்லாம் பெண்டேரா பூத்தே இயக்கம் வந்தது. பிளாட்டில் சில வீடுகளில் தொங்கியது. ஆனால் என்னிடம் நாற்பது நாளாக வராத ஐந்து வீடுகளில் ஒன்றில்கூடக் கொடி இல்லை. கௌரவம். கம்ப்யூட்டர் பட்டியலை வைத்து அந்த ஐந்து கதவையும் நானே தட்டினேன். இதைப் புண்ணியக் கணக்காகச் சொல்லவில்லை. ஐந்தில் நான்கு வீடு இன்றைக்கும் என் வாடிக்கை.

அரசாங்க உதவியும் இப்போது கடை வழியாக வருகிறது, அதைத் தவறவிட்ட சின்னக் கடைகள் நிறைய. 2025 ஆகஸ்ட் 31 முதல், 18 வயது நிறைந்த மலேசியர் ஒவ்வொருவருக்கும் சாரா திட்டத்தில் 100 வெள்ளி மைகார்டு என்ற அடையாள அட்டையிலேயே வந்தது. ஆனால் பதிவு செய்த கடையில்தான் அந்தக் கார்டு செல்லும். நான் புதுக் கடைக்கு மாறியபோதே ஸ்கேனரும் பாரம் நிரப்பும் வேலையும் முடித்து வைத்திருந்தேன். ஒவ்வொரு பாக்கெட்டிலும் பார்கோடு இருக்க வேண்டும், நாமே பொட்டலம் கட்டிய பருப்பு அதில் வராது, அது ஒரு தொந்தரவு. செப்டம்பர் முதல் வாரத்தில் பிளாட் ஆட்கள் பாதிப் பேர் என்னிடம் வந்தார்கள். எதிர்ப்பக்கச் சங்கிலி மினிமார்க்கெட்டில் வரிசை நீளம் என்பது ஒரு காரணம். மைகார்டை வைத்துச் சாமான் வாங்கத் தெரியாத பாட்டிகளுக்குத் தமிழில் சொல்லித் தர ஆள் வேண்டும் என்பது இன்னொன்று.

இனி, கடையை ஏன் மாற்ற வேண்டி வந்தது என்ற கதை. இதைத்தான் நிதானமாகப் படிக்கச் சொல்வேன், கடை வைத்திருப்பவர்களுக்கு.

பழைய லாட்டின் சொந்தக்காரர் அப்பாவின் நண்பர். பல வருஷம் எழுத்தே இல்லை, ரசீது மட்டும். நான் வந்த பிறகு மூன்று வருஷ ஒப்பந்தம் போட்டேன், புதுப்பிக்கும் உரிமையோடு. பெருமையாக இருந்தது. அதில் ஒரு வரி: புதுப்பிக்கும்போது வாடகை "அன்றைய சந்தை நிலவரப்படி". நண்பர் இருந்தவரை சந்தை நிலவரம் என்றால் நூறு வெள்ளி ஏற்றம். அவர் காலமான பிறகு மகன் வெளிநாட்டிலிருந்து ஒரு ஏஜெண்டை அனுப்பினார். ஏஜெண்டுக்குச் சந்தை நிலவரம் என்றால் முனையில் திறந்திருக்கும் காப்பிக் கடை. ஒரு கோப்பை பதினான்கு வெள்ளிக்கு விற்கிறவர்கள். 2,200ஆக இருந்த வாடகை 4,800 என்றார். வருமானம் உயர்ந்த பகுதி, அதனால் வாடகை உயர்ந்த பகுதி. நான் முசிலியில் செய்த அதே தப்பை ஏஜெண்டும் செய்தார். நட்டம் மட்டும் எனக்கு.

வக்கீல் நண்பர் ஒருவர் பார்த்துவிட்டு இரண்டு கேள்வி கேட்டார். ஏற்றத்துக்கு உச்சவரம்பு எழுதினீர்களா? இல்லை. வருமான வரி வாரியத்தில் முத்திரை அடித்தீர்களா? அதுவும் இல்லை. முத்திரையில்லாத ஒப்பந்தம் கோர்ட்டில் சான்றாக ஏறாது. அபராதத்தோடு முத்திரை அடித்துக்கொண்டுதான் பேச முடியும். என் கையில் இருந்தது வெறும் காகிதம்.

புதுக் கடைக்கு ஒப்பந்தம் போடும்போது நாலு விஷயத்தில் விடவில்லை. மூன்று வருஷத்துக்கு மேல் ஒரே தவணையாக எழுதினால் நில அலுவலகத்தில் குத்தகையாகப் பதிய வேண்டும் என்பதால், இரண்டு, இரண்டு, இரண்டு என்று பிரித்தோம். ஒவ்வொரு புதுப்பிப்பிலும் ஏற்றம் 12 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று எண்ணாகவே எழுதவைத்தேன், சந்தை என்ற சொல்லே வரக் கூடாது என்றேன். கட்டடம் கைமாறினால் புதுச் சொந்தக்காரரையும் இது கட்டுப்படுத்தும் என்று ஒரு வரி. ஃப்ரீசருக்கு நான் இழுத்த ஒயரிங்கைப் போகும்போது பிடுங்கி எடுத்துப் பழையபடி ஆக்கித் தர வேண்டியதில்லை என்று இன்னொரு வரி. அது அற்பமாகத் தோன்றும். பழைய கடையில் அதற்கு மட்டும் முன்பணத்திலிருந்து 1,900 வெள்ளி பிடித்தார்கள். கையெழுத்தான அதே வாரம் முத்திரை.

பிளாட் ஆட்களுக்கும் இப்போது இதே மாதிரிக் கவலை. நகர்ப்புறப் புதுப்பிப்பு மசோதாவை 2025 ஆகஸ்டில் மக்களவையில் வைத்தார்கள். 30 வருஷத்துக்கு மேற்பட்ட கட்டடத்தில் 75 சதவீத உரிமையாளர் சம்மதித்தால் போதும், 30க்கு உட்பட்டதில் 80, கைவிடப்பட்டதில் 51 என்று அதில் இருந்தது. அந்த வாரம் முழுக்க என் கல்லாவே பஞ்சாயத்து மேடை. "நம்ம பிளாட்ட இடிச்சிருவாங்களாக்கா?" எனக்கென்ன தெரியும். நான் திருப்பிக் கேட்டது ஒன்றுதான்: வீட்டுப் பத்திரம் யார் பேரில் இருக்கிறது? பத்தில் நான்கு பேர் சொன்னது, "எங்க தாத்தா பேர்ல". தாத்தா போய் இருபது வருஷம். இடிக்கிறார்களோ இல்லையோ, செத்தவர் பேரில் இருக்கும் வீட்டுக்குச் சம்மதம் சொல்லவோ, மாட்டேன் என்று சொல்லவோ ஆள் கிடையாது. நில அலுவலகத்தில் பூசாக்கா கெச்சில் (சிறு வாரிசுச் சொத்து) பிரிவில் மனுப் போட்டுப் பேர் மாற்றுங்கள் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன். இரண்டு குடும்பம் போயிருக்கிறது. மற்றவர்கள் தீபாவளி முடியட்டும் என்கிறார்கள்.

டின்கள் இப்போது புதுக் கடையில் கல்லாவுக்கு மேல் இருக்கின்றன. போன மாதம் டிரைவர் வீட்டம்மா வந்தார். அவருக்கு எழுபத்தெட்டு. குவாட்டர்ஸ் போனபின் மகனோடு ராவாங்கில். மாதம் ஒருமுறை கொமுட்டர் ஏறி, புத்ராவில் மாறி, செந்தூலில் இறங்கிக் கோயிலுக்குப் போய்விட்டு என்னிடம் வருவார். ராவாங்கில் கிடைக்காத சாமான் எதுவும் என்னிடம் இல்லை. ஆனாலும் வருவார். அவருக்கு ஒரு வேடிக்கை காட்டலாம் என்று 1991 புக்கை எடுத்து "டிரைவர் ஐயா" பக்கத்தை விரித்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார். கடைசி வரியில் விரல் நின்றது. 14.60, கோடு இல்லை.

"இது கட்டியாச்சு பாப்பா. உங்கப்பா அடிக்க மறந்துட்டாரு."

"இருக்கட்டும் பாட்டி, முப்பது வருசம் ஆச்சு."

"என்னா இருக்கட்டும்? செவப்புப் பேனா எடு."

இழுப்பறையெல்லாம் தேடி ஒரு சிவப்புப் பேனா எடுத்தேன். அவர் பார்க்கப் பார்க்கக் கோடு போட்டேன். நேராக இருக்கிறதா என்று குனிந்து சரி பார்த்தார். பிறகு மேசை மேலிருந்த நல்லெண்ணெய், கருவாடு, ஒரு பாக்கெட் சோம்பு மூன்றையும் பைக்குள் போட்டுக்கொண்டு பர்ஸைத் திறந்தார். பத்து வெள்ளி குறைந்தது.

"கீழ எடம் இருக்கு பாரு," என்றார். "அதுலயே எழுதிக்க."